பாஸ்கு வரைக்கும் வெண்டை

...மூன்றாவது தடவை போட்ட வெண்டையும் அழுகிப்போயிற்று, டால்டா டின்னில் இருந்தது நேற்றே தலை சாய்ந்தது, பாதியாக வெட்டிய மண்ணெண்ணெய் டின்னில் இருந்தது இன்றைக்கு, வாய் உடைந்த கஞ்சிப்பானையில் மட்டும் ஒன்றே ஒன்று மஞ்சளாக நிற்கிறது, விக்டோரியாவின் முகத்துக்காக நிற்பதுபோல. தண்ணீர் குறைச்சலா? அதுதான் இல்லை. பிள்ளைகள் இரண்டும் காலையும் மாலையும் போட்டி போட்டு ஊற்றின. சகாயமேரிக்கு எட்டு வயது, சவேரிக்கு ஐந்து, போன வருஷம் பிரசவத்தில் சிசுவோடு போய்விட்ட தங்கையின் பிள்ளைகள். அப்பன் மரியான் திருவட்டாற்றுக்கு மேலே ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறான், அவன் இரண்டாவதாகப் பெண் பார்த்த செய்தி கடற்கரை முழுக்கச் சுற்றிவிட்டுக் கடைசியில்தான் இவளிடம் வந்தது, எந்த வீட்டு அடுப்பில் என்ன மீன் கொதிக்கிறது என்று தெருமுனையில் நின்றே சொல்லிவிடுகிற விக்டோரியாவிடம்! அந்த வெட்கக்கேடு வேறு. கட்டின கையோடு பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்துவிடுவான். தவசுகாலத்தில் கோயிலில் தாலி கட்ட மாட்டார்கள், ஈஸ்டர், பாஸ்குத் திருநாள், கழிய வேண்டும், ஆக நாற்பத்தாறு நாள் கையில் இருந்தது... வெண்டை பூக்கவும் ஏறக்குறைய அத்தனை நாள்தானே? தவசு தொடங்கும் விபூதித் திருநாளன்று நெற்றிச் சாம்பல் கலையுமுன் பிள்ளைகளை உட்கார்த்தி விதை போட வைத்தாள். தான் நட்டது பிஞ்சு விடும்போது எந்தப் பிள்ளை விட்டுவிட்டுப் போகும், காய் பறித்துவிட்டு வருகிறோம் என்று அப்பனிடம் சொல்லும், அப்புறம் மழை வந்துவிடும், அப்புறம் பள்ளிக்கூடம்... எப்பேர்ப்பட்ட தந்திரம், நாலு வெண்டைச் செடியை நம்பி!

இதோ தாலி கட்டி நாலு நாள் ஆகி மரியானும் வந்துவிட்டான், புதுவேட்டி மாப்பிள்ளை, புறவாசலில் குந்தி டால்டா டின்னைத் தூக்கி அடியைத் தடவிப் பார்க்கிறான். "மைனி, இதென்ன, ஒரு ஓட்டைகூட இல்லியே? தண்ணி எங்க போவும்?" ஓட்டையாம்! "கடலுக்குப் போற வீட்டுல எவளாவது பாத்திரத்துக்க அடியக் குத்துவாளாடே?" என்றாள். போன வள்ளம் திரும்பாமல் இவள் விதவையாகிப் பத்து வருஷம், இந்த வீட்டிலிருந்து இனிக் கடலுக்குப் போக ஆள் ஏது? ஆனாலும் அடியில் ஆணி வைக்கக் கை எழும்புமா... எழும்பாததோடு போயிற்றா, ஒழுகிய மண்ணெண்ணெய் டின்னுக்குத் தார் பூசி அடைத்தல்லவா பிள்ளைகளிடம் கொடுத்தாள். மரியான் சிரித்தான். "நீங்க வளக்கல்ல மைனி, தண்ணியில முக்கில்லா கொன்னுருக்கிய." சிரிக்கட்டும், மலையேறிப் போனவனுக்கு வள்ளத்தின் அடி என்ன தெரியும், ஆனால் சொன்னது தப்பா...

பிள்ளைகள் துணிமூட்டையோடு வந்து நிற்கின்றன, சகாயமேரி ரிப்பன்கூடக் கட்டிவிட்டாள், யார் கட்டிவிட்டது, தானே கட்டிக்கொண்டாளா? கஞ்சிப்பானைச் செடியை இரண்டில் ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை. சவேரி அப்பன் வேட்டியைப் பிடித்து இழுத்தான். "அப்பா, அங்க இருக்க புது ஆள நான் என்ன சொல்லி விளிக்கணும்?" "அம்மான்னு விளிலே மக்கா." அவன் ஒருதரம் சொல்லிப் பார்த்தான், அம்மா, மறுபடியும் அம்மா, நாக்கில் கருப்பட்டி வைத்தவன்போல. இந்தச் சொல்லை இந்த வாய் முன்னமே ஒருநாள் சொல்லியிருக்கிறது, காய்ச்சலில் மடியில் கிடந்து இவள் முகத்தைப் பார்த்தே சொன்னது, இவள்தான் பதறி அந்த உதட்டில் ஒரு தட்டு தட்டி, "பெரியம்மைன்னு சொல்லுலே" என்றாள். செத்த தங்கைக்காகவா? அப்படித்தான் இதுவரை தனக்கே சொல்லிவந்தாள். இல்லை, ஊர் வாய்க்குப் பயந்து... பெண்டாட்டி செத்தவன், புருஷன் செத்தவள், பிள்ளை இவளை அம்மா என்கிறது, கணக்கு எங்கேயோ உதைக்கிறதே என்று எவளாவது கிளப்பிவிட்டால்? எவள்? மேலவீட்டு அந்தோணியம்மாள் சொல்வாளா, சீச்சீ, அவளுக்குத் தன் இருமலே போதும். வலைக்காரன் பெண்டாட்டியா? அவள் பாவம், வாய் செத்தவள். வீடுவீடாக நினைத்துக்கொண்டே போனாள், தெரு முடிந்துவிட்டது, தன் வாசலுக்கே திரும்பி வந்தாள்... இந்தத் தெருவில் அப்படி ஒரு பேச்சை எடுக்கக்கூடிய வாய், அப்புறம் யாருடையது?