பாட்டுக் கேட்டால் ஆள் இருக்கு

அந்த வீட்டில் பாத்ரூமுக்குப் போகிறவர்கள் பாடியே ஆக வேண்டும். சங்கீதப் பித்தெல்லாம் ஒன்றுமில்லை. கதவைத் தாழ் போட முடியாது, அவ்வளவுதான். தாழ்ப்பாளின் தண்டு போய் நுழைகிற வளையம் நிலைச்சட்டத்திலிருந்து பிய்த்துக்கொண்டு விழுந்து பதினோரு மாதம் ஆகிவிட்டது. திருகாணி இருந்த ஓட்டைகள் அகலமாகிப்போய், எதைப் போட்டு முறுக்கினாலும் தொளதொளவென்று ஆடியது. பாட்டுக் கேட்டால் உள்ளே ஆள் இருக்கிறது, கேட்கவில்லையென்றால் தள்ளிக்கொண்டு போகலாம். இதுதான் வீட்டுச் சட்டம்.

வீட்டுத் தலைவரின் மனைவி தாலாட்டுப் பாடுவாள். மகள் பதினேழாம் வாய்ப்பாடு சொல்வாள். பாவம், அதுதான் அவளுக்குத் தெரிந்த சங்கீதம். மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். உள்ளே நுழைந்ததும் "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்தால், துண்டோடு வெளியே வருவதற்குள் நாலு ரயிலையாவது அனுப்பிவிடுவார். வீட்டுத் தலைவருக்குப் பாட்டும் வராது, வாய்ப்பாடும் வராது. அவர் அடுத்த வாரம் எழுதப்போகும் கட்டுரையை உரக்கச் சொல்லிப் பார்ப்பார்.

என்ன கட்டுரை என்று கேட்டால் நீங்கள் சிரிக்கக் கூடாது. ஒன்பது வருடமாக ஒரு வாரப் பத்திரிகையில் 'வீட்டு டாக்டர் பதில்கள்' எழுதிவரும் வீட்டு டாக்டர் சாட்சாத் அவரேதான்!

ஒழுகும் குழாய், உப்புப் பூத்த சுவர், கிறீச்சிடும் ஜன்னல், எதைக் கேட்டாலும் அரைப் பக்கத்தில் வைத்தியம் சொல்லிவிடுவார். சரியான வைத்தியம்தான், அதில் குற்றம் சொல்ல முடியாது. படித்துப் படித்து அத்தனையும் மண்டையில் ஏற்றி வைத்திருந்தார். மண்டையில் ஏறியது கைக்கு மட்டும் இறங்கவேயில்லை. அவர் சுத்தியலை எடுத்தால் ஆணியைத் தவிர அக்கம்பக்கத்தில் இருக்கும் எல்லாவற்றின் மேலும் அடி விழும். வீட்டில் குழாய் ஒழுகினால் மனைவிதான் சத்தமில்லாமல் வாஷர் மாற்றுவாள். ஃபியூஸ் போனாலும் அவள்தான். ஆனால் இந்தத் தாழ்ப்பாள் விஷயத்தில் மட்டும் அவளுக்கு ஒரு வீம்பு வந்துவிட்டது.

"ஊருக்கெல்லாம் டாக்டர் நீங்க. இந்த ஒண்ணு உங்க கையாலதான் நடக்கணும். நான் தொட மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள்.

"அதுக்கென்ன, இந்த ஞாயித்துக்கிழமை பண்ணிடறேன்" என்றார் டாக்டர். அதற்கப்புறம் நாற்பத்தேழு ஞாயிற்றுக்கிழமைகள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டன.

நாற்பத்தெட்டாவது ஞாயிறு வருவதற்கு முன்னால் பத்திரிகை அலுவலகத்திலிருந்து வழக்கம்போல வாசகர் கடிதங்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். அதில் ஒரு கடிதம் அவர் மனதை உருக்கிவிட்டது.

'ஐயா, எங்கள் வீட்டு பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் சரியில்லை. குடும்பமே பாடிக்கொண்டுதான் குளிக்கிறது. கேட்டால் என் கணவர் இந்த ஞாயிறு என்கிறார். எந்த ஞாயிறு என்று மட்டும் சொல்வதில்லை. நான் என்ன செய்ய? இப்படிக்கு, தொண்டை வறண்டவள்.'

அடப்பாவி, இப்படியும் ஒரு புருஷனா! டாக்டருக்கு ரத்தம் கொதித்தது. சத்தியமாக, அவருக்கு வேறு எதுவுமே தோன்றவில்லை. எழுதுகிற வீடு வேறு, இருக்கிற வீடு வேறு என்று ஒன்பது வருடமாக அவர் மூளையின் நடுவே ஒரு சுவர் எழும்பியிருந்தது, அதில் ஒரு ஜன்னல்கூடக் கிடையாது. நேரே பாத்ரூமுக்குள் போனார், கதவைச் சாத்திக் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டு, பதிலை உரக்கச் சொல்லிப் பார்த்தார்.

"அம்மா, இது வெறும் பத்து நிமிட வேலை. ஓட்டைக்குள் நாலைந்து தீக்குச்சிகளைப் பசை தடவிச் செருகி, காய்ந்ததும் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை வெட்டிவிட்டு, திருகாணியை முறுக்கினால் இறுகப் பிடித்துக்கொள்ளும். இந்தப் பத்து நிமிடம் கிடைக்காத மனிதரை என்னவென்று சொல்வது! அவர் சோம்பேறி. மன்னிக்கவும், மகா சோம்பேறி!"

அடுப்படியில் மனைவி கரண்டியும் கையுமாக அப்படியே நின்று கேட்டாள். இப்போது உறைக்கும், இதோ உறைக்கும் என்று காத்திருந்தாள். டாக்டர் கை கழுவிக்கொண்டு வந்து, "இன்னைக்கு ஒருத்தனைக் கிழிகிழின்னு கிழிச்சிட்டேன்" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

பத்திரிகை வந்த அன்றைக்கு அவள் அந்தப் பதிலைக் கத்தரித்து பாத்ரூம் கதவின் வெளிப்பக்கத்தில் ஒட்டி வைத்தாள்.

"எதுக்கு இதை இங்க ஒட்டியிருக்கே?" என்றார் டாக்டர்.

"நல்லா எழுதியிருக்கீங்களேன்னுதான்."

"யாரோ தெரியல. சரியான வெக்கங்கெட்ட ஆளு!"

"யாரா இருக்கும், நீங்களே சொல்லுங்க" என்றாள் மனைவி.

உள்ளேயிருந்து மகளின் குரல் கணீரென்று கேட்டது: "பதினேழு எட்டு நூத்தி முப்பத்தாறு! பதினேழு ஒம்பது நூத்தி அம்பத்திமூணு!"

டாக்டர் கதவைப் பார்த்தார். துண்டுக் காகிதத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பதினேழு பத்து வருவதற்குள் அவர் முகம் வெளிறிவிட்டது. அன்று முழுக்க யார் முகத்தையும் பார்க்காமல் பேய் முழி முழித்துக்கொண்டு திரிந்தார்.

அதோடு போயிருந்தால் வீட்டோடு முடிந்திருக்கும். அந்த 'மகா சோம்பேறி' வாசகர்களுக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. 'இவ்வளவு வாய் பேசுகிறவர் சுத்தியலைக் கையால் தொட்டிருக்கிறாரா?' என்று கேட்டு மூட்டை மூட்டையாகக் கடிதம். வியாழக்கிழமை பத்திரிகையின் எடிட்டரம்மாவே போன் செய்தார்.

"சார், சனிக்கிழமை பத்து மணிக்கு போட்டோக்காரரோட வர்றேன். உங்க வீட்ல ஏதாவது ஒண்ணை நீங்களே ரிப்பேர் பண்ணிக் காட்டுங்க, போட்டோ போட்டு வாயை அடைச்சிடலாம். முடியாதுன்னா சொல்லிடுங்க. உங்க பக்கத்துல குறுக்கெழுத்துப் போட்டி போட்டுக்கறோம்."

குறுக்கெழுத்துப் போட்டி! அந்த அரைப் பக்கம்தான் டாக்டருக்கு மரியாதை, அதுதான் கடைத்தெருவில் நாலு பேர் "டாக்டர் சார்" என்று கூப்பிடுவதற்குக் காரணம். அது போனால் அவர் வெறும் ஆள். அதை நினைத்தாலே அழுகை வந்தது அவருக்கு.

சனிக்கிழமை ஒன்பது மணிக்கே கருவிப் பெட்டியோடு பாத்ரூமுக்குள் போய்விட்டார். பத்து மணிக்கு முன்னால் முடித்துவிட்டு, கடைசித் திருகாணியை முறுக்குவதுபோல போட்டோவுக்கு நின்றால் போதும் என்று கணக்கு. சாதாரணப் பசை காய நேரமாகும் என்பதற்காக, கடைக்காரர் "பாத்து சார், இது ஒட்டினா ஒட்டினதுதான்" என்று பயமுறுத்தி விற்ற பசையை வாங்கி வந்திருந்தார். நாலைந்து தீக்குச்சி என்று எழுதியிருந்தாரே தவிர, பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியில் பாதியைத் திணித்தார். பசையும் அதே தாராளம். வழிந்தது. வளையத்தை வைத்து முறுக்கினார். வளையத்தை வைத்து முறுக்கினார். அட, ஆடாமல் நின்றது!

யாருக்குத்தான் ஆசை வராது, சொல்லுங்கள்? கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைத் தள்ளினார். 'டக்'கென்று போய் உட்கார்ந்தது. பதினோரு மாதத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் கேட்ட முதல் 'டக்'. டாக்டருக்குப் பெருமை தாங்கவில்லை. இடுப்பில் கைவைத்து நின்று ஐந்து நிமிடம் ரசித்தார்.

பிறகு திறக்கப் போனார். தாழ்ப்பாள் அசையவில்லை. இழுத்தார், ஆட்டினார், கெஞ்சினார். ஒட்டினது ஒட்டினதுதான்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மணி அடித்தது. எடிட்டரம்மா கால் மணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்.

"கதவு திறக்கல! தாழ்ப்பாள் ஒட்டிக்கிச்சு!" என்று டாக்டர் உள்ளேயிருந்து கத்தினார்.

"வாங்க, உக்காருங்க" என்று மனைவியின் குரல் கேட்டது. "அது அடுத்த வாரக் கட்டுரைங்க. உள்ள போனா இப்படித்தான் சொல்லிப் பாப்பாரு."

"அப்படியா! எழுதறவர் வாயாலயே கேக்கறது தனி சுகம்" என்று எடிட்டரம்மா நோட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"ஐயோ, காப்பாத்துங்க!"

"தலைப்பு பிரமாதம்" என்றார் எடிட்டரம்மா.

"இன்னைக்கு மாப்ள குரல்ல உணர்ச்சி கொஞ்சம் தூக்கல்" என்றார் மாமனார், தொழில் தெரிந்தவர் என்ற முறையில்.

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். கத்தக் கத்த 'ஆள் இருக்கு' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. சட்டப்படி, சத்தம் இல்லையென்றால் யாராவது வந்து கதவைத் தள்ள வேண்டும். தள்ளினால் திறக்காது. திறக்காவிட்டால் விஷயம் புரிந்துவிடும். வாயை இறுக மூடிக்கொண்டு காத்திருந்தார்.

கணக்குத் தப்பவில்லை. சத்தம் அடங்கியதும் மாமனார் வந்து கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. இன்னொரு தடவை தள்ளினார்.

"அடடா! தாழ்ப்பாள் பிடிக்குதும்மா! மாப்ள சாதிச்சிட்டாரு!" என்று வீடே அதிரும்படி அறிவித்தார்.

அவ்வளவுதான். மகள் ஓடி வந்து கைதட்டினாள். எடிட்டரம்மா கைதட்டினார். போட்டோக்காரர் மூடிய கதவை நாலு போட்டோ எடுத்தார்.

"அப்பா சூப்பர்ப்பா!"

"வெளிய வாங்க சார்! குறுக்கெழுத்தெல்லாம் கிடையாது. பக்கம் உங்களுக்குத்தான்" என்றார் எடிட்டரம்மா.

உள்ளே டாக்டர் கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்திருந்தார். பக்கம் கிடைத்துவிட்டது. மரியாதை பிழைத்துவிட்டது. இனி வாயைத் திறந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், திறக்காவிட்டால் மிச்ச ஆயுளை இங்கேயே கழிக்க வேண்டும். சமாளிக்க ஏதாவது பொய் அகப்படுமா என்று தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. எழுந்து போய்க் கதவில் வாயை வைத்தார்.

"எனக்கு... வெளிய வரத் தெரியல."

கைதட்டல் நின்றது. ஒன்பது வருடத்தில் அவர் வாயிலிருந்து 'தெரியல' என்ற சொல் சொந்த விஷயத்தில் வந்ததேயில்லை. மனைவிக்கு அது கட்டுரை இல்லை என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. கதவருகே வந்தாள்.

"பசை காயறதுக்குள்ள தாழ்ப்பாளைப் போட்டீங்களா?"

"ம்."

"'முக்கியம்: பசை நன்றாகக் காயும்வரை தாழ்ப்பாளைப் போட்டுப் பார்க்க வேண்டாம்.' இங்க கடைசி வரியா இருக்கே. யாரு எழுதினது?"

"நான்தான்."

"படிக்கலையா?"

"எழுதினவன் எதுக்குடி படிக்கணும்!" என்று உள்ளேயிருந்து பரிதாபமாகப் பதில் வந்தது.

வெளியே யாரோ சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். மனைவி சிரிக்கவில்லை. "பயப்படாதீங்க. நான் சொல்றதைச் சொல்ற மாதிரியே செய்யுங்க. தாழ்ப்பாளை விட்டுடுங்க. அந்தப் பக்கம் கீல் மூணு இருக்கு பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஒரு ஆணி செருகியிருக்கும். கீழ்க் கீல்ல இருந்து ஆரம்பிங்க. ஆணித் தலைக்கு அடியில ஸ்க்ரூடிரைவரை வச்சு, மேல் நோக்கித் தட்டுங்க. கட்டைவிரலை எடுத்துட்டுத் தட்டுங்க."

"ஐயோ!"

"எடுத்துட்டுன்னு சொன்னேனா இல்லையா?"

இத்தனை காலம் ஊருக்கெல்லாம் வைத்தியம் சொன்னவர், வாழ்க்கையில் முதல் தடவையாக இன்னொருவர் சொல்வதைக் கேட்டு வேலை செய்தார். முதல் ஆணி கழன்றது. இரண்டாவதும் கழன்றது. மூன்றாவது கழன்றதும், பிடியை உள்பக்கம் இழுங்க என்றாள். இழுத்தார். படாரென்று கதவு பெயர்ந்து, வளையத்தையும் பெட்டியில் பாதித் தீக்குச்சிகளையும் பிடுங்கிக்கொண்டு அவர்மேல் சாய்ந்தது. தலையெல்லாம் தீக்குச்சி, கட்டைவிரல் வீங்கியிருந்தது, கதவைக் கட்டிப்பிடித்தபடி வீட்டு டாக்டர் வெளியே வந்தார். போட்டோக்காரர் ஒரே ஒரு போட்டோதான் எடுத்தார். அதற்குமேல் எடுக்கச் சிரிப்பு விடவில்லை.

எடிட்டரம்மாவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். டாக்டர் தலையைக் குனிந்துகொண்டு, "குறுக்கெழுத்தே போட்டுக்குங்க" என்றார்.

"எதுக்கு? எனக்குத் தெரியலன்னு சொன்னீங்களே, அதை அப்படியே அடுத்த வாரம் எழுதுங்க. இந்தப் போட்டோவைத்தான் போடப்போறேன். பக்கம் இருக்கும்" என்றவர் மனைவியின் பக்கம் திரும்பி, "தொண்டை வறண்டவங்களும் கூட உக்காந்து பதில் எழுதினா நல்லாருக்கும்" என்றார். மனைவி கேட்காதவள்போல காபி போடப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் டாக்டரே உட்கார்ந்து கதவை மாட்டினார். மனைவி ஆணியைத் தொடக்கூட மறுத்துவிட்டாள், சொல்ல மட்டும் செய்தாள். ஒட்டிக் கெட்டுப்போன தாழ்ப்பாளுக்குப் பதிலாகப் புதுசு, சாதாரணப் பசை, எண்ணி நாலே தீக்குச்சி. காய்கிறவரை யாரும் தொடக் கூடாது என்று இரவுச் சாப்பாட்டைக்கூடக் கதவுக்கு எதிரிலேயே நாற்காலி போட்டுச் சாப்பிட்டார். மறுநாள் காலையில் நீட்டிக்கொண்டிருந்ததை வெட்டி, வளையத்தை முறுக்கி முடித்தபோதுதான் நிமிர்ந்து நாள்காட்டியைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை.

முதலில் மனைவி போனாள். 'டக்.'

ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. தாலாட்டு வரவில்லை. டாக்டருக்குப் பகீரென்றது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினார்.

"உள்ள இருக்கியா?"

"இருக்கேன்."

"மறுபடியும் ஒட்டிக்கிச்சா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் பாடல?"

"பதினோரு மாசமா பாடிட்டேங்க. கொஞ்ச நேரம் சும்மா இருக்கேன்."

டாக்டர் தட்டிய கையை இறக்கிக்கொண்டார். வரிசையில் அவருக்குப் பின்னால் மாமனாரும் மகளும் வந்து நின்றுவிட்டார்கள்.

"எனக்குக் கொஞ்சம் அவசரம்மா" என்றார் டாக்டர்.

"அவசரம்னா வெளிய நின்னு நீங்க பாடுங்க."

அவருக்குத்தான் பாட்டும் வராது, வாய்ப்பாடும் வராதே. கதவைப் பார்த்து நின்று, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அடுத்த வாரக் கட்டுரையை உரக்கச் சொல்ல ஆரம்பித்தார்: "அன்புள்ள தொண்டை வறண்டவளுக்கு, போன வாரம் நான் திட்டினேனே, அந்த மகா சோம்பேறி நான்தான். என்னை மன்னிச்சிடு..."

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் மட்டும் திறக்கவில்லை.