வாய் திறக்காத ரூஸ்கோ

ரூஸ்கோ பாதிதான் என்னுடையவன். மற்றப் பாதி இர்யாவுடையது. வடக்கே எங்கள் குஹ்மோ ஊர்ப் பக்கம் வேட்டை நாய்களை இப்படிப் பங்கு வைப்பது சாதாரணம். குட்டியை வளர்த்துத் தந்தவர் பாதி உரிமையை வைத்துக்கொள்வார். சோறு போடுவதும் நடக்கக் கூட்டிப்போவதும் நம் வேலை. இர்யா மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிறாள், நாற்பத்தைந்து வயது, பேச்சில் சுற்றிவளைப்பு கிடையாது. முதல் பனி விழுவதற்குள் ரூஸ்கோ ஒரு பறவையைக் கண்டுபிடித்துக் குரைக்க வேண்டும், அதை அவள் காதால் கேட்க வேண்டும். இல்லையென்றால் அவனை சோட்காமோவில் இருக்கும் ஒரு வேட்டைக்காரனிடம் கொடுத்துவிடுவாள். குட்டியை என் மடியில் வைத்த அன்றே இதைச் சொல்லிவிட்டாள்.

நியாயம்தான். நரி நிறமும் சுருண்ட வாலும் கொண்ட இந்த ஸ்பிட்ஸ் நாய்களுக்கு ஓடுவதும் குரைப்பதும்தான் பிழைப்பு. மரத்தில் உட்கார்ந்த காட்டுக்கோழியைப் பார்த்துக் கீழே நின்று விடாமல் குரைத்தால், அது நாயையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குள் ஆள் நெருங்கிவிடலாம். குரைக்காத ஸ்பிட்ஸ் வெறும் சிவப்புப் பூனை என்பது இர்யாவின் கருத்து.

நான் இருப்பதோ அடுக்குமாடி வீட்டில், மூன்றாவது தளம். காலையில் ஏரியைச் சுற்றி ஒரு ஓட்டம், வேலை பார்க்கும் கடையிலிருந்து மதியம் வந்து இன்னொன்று, மாலையில் காட்டுப் பாதை. அவ்வளவுக்குப் பிறகும் அவன் சோபாவுக்கும் சன்னலுக்குமாகப் பாய்ந்துகொண்டிருப்பான். நான் படுத்துவிடுவேன். நான் மாலை வகுப்புக்குப் போகும் நாட்களில் அவன் தனியாக இருந்து குரைத்தான். கீழ்வீட்டு மெர்வி ஆஸ்பத்திரி நர்ஸ். இரவு வேலைக்குப் போகும் முன் அந்த நேரத்தில்தான் தூங்குவாள். இரண்டு தடவை பொறுத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை கதவைத் தட்டி, நாய்க்குப் பதிலாகத் தானே குரைக்கும் நிலைக்கு வந்துவிட்டதாக அமைதியாகச் சொன்னாள்.

எனக்குத் தெரிந்த ஒரே வழி ஒழுங்காகச் செய்வது. சாசேஜை ஒரே அளவுத் துண்டுகளாக வெட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். படிக்கட்டில் சத்தம் கேட்டும் வாய் மூடியிருந்தால் ஒரு துண்டு. கதவுக்கு வெளியே நின்று காத்திருந்து, சத்தமில்லை என்றால் உள்ளே வந்து ஒரு துண்டு. கோடை முழுக்க இதையே செய்தேன். ஆகஸ்டில் தபால்காரர் வந்தபோது ரூஸ்கோ என்னைப் பார்த்து உட்கார்ந்தான், மூச்சுகூட விடவில்லை. மெர்வி பிளம் கேக் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் சந்தேகப்படுகிறவள்தானே நான்.

செப்டம்பரில் முதல் முறையாகக் காட்டுக்குப் போனோம். கழுத்துப்பட்டையின் ஜிபிஎஸ் அவன் ஒரே இடத்தில் நிற்பதாகக் காட்டியது. பாசியில் கால் புதையப் போய்ப் பார்த்தேன். பைன் மரத்தின் மேல் ஒரு ஆண் மெட்ஸோ, காட்டுக்கோழிகளிலேயே பெரியது, வான்கோழி அளவு, கரேலென்று. கீழே ரூஸ்கோ அழகாக உட்கார்ந்திருந்தான். பறவையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், என் சட்டைப் பையைப் பார்த்தான். வாய் இறுக மூடியிருந்தது. மெட்ஸோ எங்கள் இருவரையும் நன்றாகப் பார்த்துவிட்டுப் பறந்துபோனது.

இர்யாவிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் சிரித்தாள். லாரியை ஓரம் கட்ட வேண்டியதாகிவிட்டது என்றாள். பிறகு சிரிப்பில்லாமல், "சைமா, நான் சொன்னது சொன்னதுதான். பனிக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை வர்றேன். அவன் குரைக்கலன்னா என் வண்டியிலதான் ஏத்திக்கிட்டுப் போவேன்" என்றாள்.

இப்போது தலைகீழாகக் கற்றுத்தர வேண்டும். காட்டில் எந்தச் சத்தம் போட்டாலும் சாசேஜ் என்று வைத்தேன். அவன் சத்தமே போடவில்லை. எப்படி என்று காட்டலாம் என நினைத்து, மரத்தடியில் முட்டி போட்டு, மேலே பார்த்து நானே குரைத்தேன். ரூஸ்கோ தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு என் வாயை நக்கினான். பின்னால் காளான் வாளியோடு ஒருவர் நின்றிருந்தார்.

"மேல பறவை இருக்கா?"

"இல்லைங்க. பழக்குறேன்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "குரல் மெலிசா இருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த வாரம் காட்டில் லிங்கன்பெர்ரிப் பழம் பறிக்கப் போனபோது அவனை ஒரு மரத்தில் கட்டிவிட்டு மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கினேன். பாதி வாளி நிறைந்திருக்கும், குரைப்புச் சத்தம் கேட்டது. கூர்மையாக, மூச்சு விடாமல். யார் நாய் என்றுதான் முதலில் நினைத்தேன். ஓடிப்போய் மேட்டில் ஏறினேன். கிளையில் ஓர் அணில், கீழே ரூஸ்கோ. என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவனைத் தடுப்பது காடோ பறவையோ இல்லை. என் முகம்.

ஒரு தடவைதான் பார்த்தேன். அணிலுக்குச் சரி, மெட்ஸோவுக்குச் சரியாக இருக்குமா? வேறு யோசனையும் இல்லை.

இர்யா வந்த ஞாயிறன்று வானம் பனிக்குத் தயாராகச் சாம்பல் நிறத்தில் தொங்கியது. துப்பாக்கியும் தோளில் கொண்டுவந்திருந்தாள். ரூஸ்கோவை அவிழ்த்துவிட்டோம், கல் மேட்டைத் தாண்டி மறைந்தான். கொஞ்ச நேரத்தில் ஜிபிஎஸ்ஸில் அவன் நின்றுவிட்டது தெரிந்தது. சத்தமில்லை. இர்யா உடனே அவன் இருந்த பக்கம் கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்தேன். அதுவரை யாரையும் அப்படிப் பிடித்து நிறுத்தியதில்லை.

"போக வேணாம். இங்கயே உக்காருங்க."

"நான் பாக்க வேணாமா?"

"கேக்கணும்னுதானே சொன்னீங்க. என்னைப் பாத்தா வாய மூடிப்பான்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுந்துகிடந்த மரத்தில் உட்கார்ந்தாள். பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினேன். காட்டிலிருந்து குரைப்பு வரவில்லை. பறவை இல்லாத மரத்தடியில் ரூஸ்கோ எறும்பு பார்த்துக்கொண்டிருக்கிறானோ என்று தோன்றியது. சோபாவுக்கும் சன்னலுக்குமாகப் பாய அவன் இல்லாத வீட்டை, ஓட யாருமில்லாத ஏரிக்கரையை நினைத்துப் பார்த்தேன். காபி ஆறியது. இர்யா எழுந்து கால்சட்டையைத் தட்டினாள்.

"போதும் சைமா. நீ நல்லாத்தான் வளத்த. ஆனா..."

அப்போது ஒரு குரைப்பு. ஒன்றே ஒன்று, கேள்வி கேட்பதுபோல. அப்புறம் இன்னொன்று. யாரும் வந்து தடுக்கவில்லை என்று தெரிந்ததும் கோடை முழுக்க விழுங்கியதையெல்லாம் சேர்த்துக் கொட்ட ஆரம்பித்தான். காடே அதிர்ந்தது. இர்யா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.

"ரொம்ப அசிங்கமான குரல்" என்றாள். கண்ணை மூடியிருந்தாள். "இவன் அம்மாவுக்கும் இதேதான். ஒரு மைல் தள்ளி கேக்கும்."

மெதுவாகச் சுற்றிப் போய்ப் புதருக்குப் பின்னாலிருந்து பார்த்தோம். உச்சிக்குக் கீழே மெட்ஸோ கழுத்தை நீட்டி ரூஸ்கோவை முறைத்துக்கொண்டிருந்தது. நான் இர்யாவின் துப்பாக்கியைப் பார்த்தேன். இன்றைக்குக் காதுக்குத்தான் வேலை என்று முணுமுணுத்தாள், தோளிலிருந்து இறக்கவில்லை. என் காலடியில் ஒரு சுள்ளி ஒடிந்தது. பறவை பலகை விழுந்ததுபோல் சத்தமெழுப்பிக் கிளம்பியது, ரூஸ்கோ பின்னாலேயே ஓடினான். சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் மறுபடி குரைப்பு தொடங்கியது.

"கூப்பிடட்டுமா?" என்றேன்.

"கூப்பிட்ட, உன்னைத்தான் சோட்காமோவுக்கு அனுப்புவேன்" என்றாள் இர்யா. சதுப்பை நோக்கி நடந்துகொண்டே, திரும்பாமல், "அந்த ஆளுக்கு நாய் இல்லன்னு நானே சொல்லிக்கிறேன். நீ மெதுவா கால வச்சு வா" என்றாள்.