ஜேர்மனிக்குப் போகாத மகன்

எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் தெற்கே காலிப் பட்டினத்தில் இருந்த அவர்களுடைய கடை எரிந்தது. மகன் குகதாசன் அகதிக் கப்பலில் ஏறிச் சொந்த ஊரான வேலணைக்கு வந்து சேர்ந்தபோது அவனுடைய நடுக்கத்தைப் பயம் என்றே பரராசசிங்கம் எண்ணினார். நெருப்பைப் பார்த்துவிட்டு வந்தவன் நடுங்கத்தானே செய்வான். மூக்கால் தண்ணீர் ஓடியது. முழங்கால் உளைகிறது என்று சுருண்டு கிடந்தான். குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. தாய் கமலாதேவி கோயிலுக்குப் போய் நூல் கட்டுவித்தாள்.

அவனே ஒருநாள் தகப்பனிடம் சொன்னான். கடைக்குச் சிகரெட் வாங்க வந்த வெள்ளைக்காரரோடு கடற்கரைக்குப் போய்ப் பழகியது. குடு என்று அங்கே சொல்வார்கள், ஹெரோயின் தூள். பதினேழு வயதில் தனியாகக் கடையில் விட்டவர் பரராசசிங்கம்தான். அதை அவன் சொல்லவில்லை.

அவர் அடிக்கவில்லை, ஏசவில்லை. புகையிலைச் சிப்பம் அடுக்குகிற உள்ளறையை ஒதுக்கி, அவனை அதில் விட்டு ஆமைப்பூட்டுப் போட்டார். மறுநாள் சந்தியில் யாரோ மகனைப் பற்றிக் கேட்டார்கள். ஜேர்மனிக்கு அனுப்பிவிட்டேன் என்று வாயில் வந்ததைச் சொன்னார். அந்த நாளில் ஊரில் பாதிப் பெடியள் அப்படித்தான் காணாமற் போனார்கள். ஒருவரும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை.

தூளோடு தொடர்பென்றால் ஆயுதம் தூக்கிய இயக்கப் பெடியள் விசாரிக்க வருவார்கள் என்று கமலாதேவிக்குக் காரணம் சொன்னார். அது பொய்யல்ல. ஆனால் துவக்கைவிட ஊர்வாய்க்குத்தான் அவர் பயந்தார்.

உள்ளே அவன் கத்தினான், கதவில் தலையை மோதினான், பிறகு அழுதான், பிறகு அதுவும் நின்றது. சோறு கேட்டான். உடம்பு தேறியது. பூட்டை எடுத்துவிட்டார்கள். ஆனாலும் அவன் வெளியே வரவில்லை. வரச்சொல்லி ஒருவரும் கூப்பிடவுமில்லை. ஜேர்மனியில் இருப்பவன் வேலணை முற்றத்தில் எப்படி நிற்பது? ஆட்கள் வந்தால் இருமலைக்கூட அடக்கிக்கொண்டான். பரராசசிங்கம் தோட்டத்துக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். அந்தக் கதவைக் கடக்கும்போது அவருக்குள் ஒன்றும் அசைவதில்லை. மரத்துப்போன கால்போல இருந்தது மனம்.

எண்பத்தைந்து ஆனியில் மகள் மனோகரிக்குக் கலியாணம் ஒழுங்கானது. மாப்பிள்ளை சிவகுரு, பக்கத்து ஊர் நாரந்தனைத் தம்பிஐயாவின் மகன், வாத்தியார். பெண்ணின் தமையன் வெளிநாட்டில் என்பது தம்பிஐயாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. வாசலில் மாப்பிள்ளையின் காலைக் கழுவி, கைபிடித்து மணவறைக்கு அழைத்துப் போகவேண்டியவன் பெண்ணின் தமையன். அதற்குத் தன் தம்பி அப்புத்துரையின் மகனைப் பரராசசிங்கம் ஒழுங்கு செய்திருந்தார்.

கலியாணத்துக்கு முதல்நாள் பின்னேரம் மனோகரி வந்து முன்னால் நின்றாள்.

"அண்ணா கால் கழுவாட்டில் நான் மணவறைக்கு வரமாட்டன்."

"கொண்ணன் ஜேர்மனியிலை எல்லே."

"என்னட்டையும் அதைத்தான் சொல்லுறியளோ, ஐயா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. தகப்பனின் பிடிவாதம் அவளுக்கும் இருந்தது. சொன்னதைச் செய்வாள் என்று அவருக்குத் தெரியும்.

புது வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு அவர் உள்ளறைக்குப் போனார். குகதாசன் எழுந்து நின்றான். நேற்றுத்தான் பிளேனில் வந்ததாகச் சொல்லவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுத்தார்.

"ஏலாது ஐயா. அவை ஜேர்மனிப் புதினம் கேப்பினம். எனக்குக் காலிக்கு அங்காலை ஒரு இடமும் தெரியாது."

"அப்ப என்ன சொல்லப்போறாய்?"

"கேக்காட்டில் ஒண்டும் சொல்லன். கேட்டா உள்ளதைச் சொல்லுவன்."

அவர் வேட்டியைக் கதிரையில் வைத்துவிட்டு வந்தார்.

மறுநாள் மேளம் வாசலுக்கு வந்ததும் குகதாசன் வெளியே வந்தான். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒன்றுவிட்ட தம்பியின் கையிலிருந்த செம்பை வாங்கினான். சனம் எட்டிப் பார்த்தது. பிறகு பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு எழுந்தது. வெயில் படாமல் வெளிறியிருந்த அவன் தோலைப் பார்த்து, வெள்ளைக்காரன்போல வந்திருக்கிறான் என்றார்கள்.

"குளிர்நாடு எண்டால் குளிர்நாடுதான்" என்று தம்பிஐயா சிரித்தார். "எங்கடை கறுவல் எல்லாரையும் அங்கை ஏத்தினால் நல்லது. எப்ப வந்தனீர் தம்பி?"

செம்பு மாப்பிள்ளையின் வலது காலுக்கு மேலே நின்றது. குகதாசன் தகப்பனைப் பார்த்தான்.

பொய்க்கு வழி தானாகவே திறந்து கிடந்தது. நேற்று என்று ஒரு சொல் போதும். ஆனால் மகன் அதைச் சொல்லமாட்டான். இந்த வீட்டுச் சங்கதி வாசலில் வெளிவரத்தான் போகிறது என்றால், அதைச் சொல்லவேண்டியவன் இந்த வீட்டுக்குப் பெரியவன். அவ்வளவுதான் பரராசசிங்கத்துக்குத் தோன்றியது. அதில் துணிவும் இல்லை, பாசமும் இல்லை.

"அவன் ஒரு இடமும் போகேல்லை" என்றார். "இவ்வளவு நாளும் உள்ளைதான் இருந்தவன். காலியிலை குடு பழகிப்போட்டான். இப்ப விட்டிட்டான். பொய் சொன்னது நான்."

மேளகாரர் நிறுத்திவிட்டார்கள். தம்பிஐயாவின் முகத்தில் சிரிப்பு அப்படியே காய்ந்து நின்றது. அவர் மகனின் தோளில் கை வைத்தார். திரும்பிப் போவோம் என்று சொல்வதற்கோ என்னவோ. பரராசசிங்கம் முதுகை நிமிர்த்தியபடி நின்றார். போனால் போகட்டும் என்றும் இல்லை, நிற்கட்டும் என்றும் இல்லை.

சிவகுரு குனிந்து குகதாசனின் கையைப் பார்த்தான். பிடி சரிந்திருந்தது. செம்புத் தண்ணீர் நிலத்தில் சிந்தியது.

"தண்ணி எல்லாம் நிலத்துக்குப் போகுது, மச்சான்" என்றான். "காலிலை ஊத்தும்."

குகதாசன் ஊற்றினான். ஒரு கால், பிறகு மற்றக் கால். கால் கழுவியவனுக்குப் போடுகிற மோதிரத்தைச் சிவகுரு அவன் விரலில் போட்டான். மெலிந்த விரலில் அது நிற்காமல் சுழன்றது. அவன் விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டு மச்சானை மணவறைக்கு அழைத்துப் போனான். மேளம் தட்டுத்தடுமாறித் தொடங்கியது.

தம்பிஐயா சபையில் இருந்தார், ஆனால் சம்பந்தியோடு ஒரு வார்த்தையும் பேசவில்லை. தாலி கட்டியதும் நாரந்தனை ஆட்களில் சிலர் கை நனைக்காமல் எழுந்து போனார்கள். பரராசசிங்கம் படலையில் நின்று ஒவ்வொருவரையும் கும்பிட்டு வழியனுப்பினார். பெயர் சொல்லியே அனுப்பினார்.

பந்தலுக்குத் திரும்பியபோது குகதாசன் வாழையிலைக் கட்டோடு நடுவில் நின்றான்.

"ஐயா, முதல் பந்திக்கு இலை போடட்டோ?"

"போடு" என்றார்.