எஸ்பொசிட்டோ வகையறா

மார்க்கோவின் கால்கள் தப்ப வேண்டுமென்றால் அவனுடைய குடும்பப் பெயருக்கு அவசரமாக ஒரு வீரப் பரம்பரை தேவைப்பட்டது. அதைத் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு அழகர்சாமியின் தலையில் விழுந்தது.

அழகர்சாமி மத்திய ஆயுதப் படை ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பூட்ஸ், போர்வை, கொசுவலை வழங்கும் ஸ்டோர் பிரிவில்தான் அவருடைய வீரம் முழுவதும் செலவானது. ஆனால் டில்லி லக்ஷ்மிபாய் நகர் பூங்காவில் காலையில் நடக்கிறவர்கள், எல்லையில் ஏதோ ஒரு பனிச்சிகரம் அவர் மீசையைப் பார்த்துப் பின்வாங்கியதாக நம்பினார்கள். அவரும் மறுத்துச் சொல்லி யார் மனதையும் புண்படுத்தவில்லை.

அவருடைய ஒரே மகள் உஷாராணி குர்கானில் தணிக்கை நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தாள். மானேசரில் பம்ப் தயாரிக்கும் தொழிற்சாலைக்குக் கணக்குப் பார்க்கப் போனவள், அங்கே இன்ஜினியராக இருந்த, இத்தாலி தேசத்து நேப்பிள்ஸ்காரன் மார்க்கோ எஸ்பொசிட்டோவைக் கல்யாணம் செய்துகொள்வது என்று முடிவெடுத்துவிட்டுத்தான் திரும்பினாள். விஷயத்தை முதலில் அம்மா வள்ளியம்மையிடம் சொன்னாள். வள்ளியம்மை கணவரிடம் சொன்னாள். அழகர்சாமி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். வெள்ளைக்காரன் என்பது அவருக்குப் பெரிய விஷயமில்லை. பெரிய விஷயம் ரத்தினவேல்.

ரத்தினவேல், வள்ளியம்மையின் தம்பி, உஷாராணிக்குத் தாய்மாமன். கரோல் பாக்கில் பழைய புல்லட்டுகளைப் புதுப்பித்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு விற்கிற, வாடகைக்கு விடுகிற கடை வைத்திருந்தான். சித்தப்பா மகள் தங்கத்தை இன்ஷூரன்ஸ் ஆபீஸ் பையன் ஒருவன் விரும்பியபோது, ரத்தினவேல் அவன் அறைக்குப் போய், காலை இரண்டு செங்கல்லுக்குக் குறுக்கே வைத்து, மேலே ஏறிக் குதித்தான். அந்தப் பையன் இன்றைக்கும் மெட்ரோ படியில் கைப்பிடியைப் பிடித்துத்தான் ஏறுகிறான். போலீஸ் வரை போகாமல் சமாதானம் பேசி முடித்தார்கள். கேதார்நாத் போய்வந்தவர்கள் அந்தக் கதையைச் சொல்வதுபோல, ரத்தினவேல் இதை எல்லா விசேஷ வீட்டிலும் சொல்வான்.

"நான் மெதுவாத்தான் குதிச்சேன். அவனுக்கு எலும்புல சத்தில்ல" என்று முடிப்பான். பந்தியில் எல்லாரும் சிரிப்பார்கள். அழகர்சாமியும் சிரித்திருக்கிறார்.

விஷயம் தெரிந்ததும் அவன் போன் செய்தான்.

"வெள்ளைக்காரன்னா வெள்ளைக்காரனா இருந்துட்டுப் போறான் மாமா. டெய்லி அவனுகளோடதான நான் குப்பை கொட்டுறேன். ஆனா என்ன வகையறா? சபையில கேப்பாங்கல்ல? ஒண்ணுமத்த பயலுக்கு என் அக்கா மகளக் குடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது. வந்துச்சுன்னா எனக்குச் செங்கல்லு கிடைக்காத ஊரா இது?"

அவர்களுடைய ஆட்களில் அப்படி ஒரு முறை உண்டு. நிச்சயத்தின்போது தட்டு மாற்றுவதற்கு முன் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் எழுந்து நின்று, இன்ன ஊர், இன்ன குலசாமி, இன்னார் வகையறா என்று சபையறியச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தட்டு நகராது. தேனிப் பக்கத்திலிருந்து வேலை தேடி டில்லிக்கு ரயிலேறியவர்கள் மாவாட்டும் கல்லைக்கூட விட்டுவிட்டு வந்தார்கள். இதை மட்டும் விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மார்க்கோ வீட்டுக்கு வந்தான். மெலிந்த, நெட்டையான பையன். வள்ளியம்மை கொடுத்த பணியாரத்தைக் காரச் சட்னியோடு சாப்பிட்டுக் கண்ணீர் விட்டுக்கொண்டே "அச்சா ஹை, ஆன்ட்டி" என்றான். அழகர்சாமி மீசையைத் தடவிக்கொண்டு விசாரணையைத் தொடங்கினார்.

"எஸ்பொசிட்டோ... பெரிய குடும்பமா?"

"ரொம்பப் பெரிசு, அங்கிள்" என்று மார்க்கோ ஆங்கிலத்தில் ஆரம்பித்தான். அழகர்சாமிக்கு முகம் மலர்ந்தது. அது மலர்ந்த நேரம் கொஞ்சம்தான். நேப்பிள்ஸில் கல்லை விட்டெறிந்தால் ஒரு எஸ்பொசிட்டோ மேல்தான் விழும் என்றான் அவன். அந்தக் காலத்தில் அங்கே ஒரு தேவாலயத்து விடுதிச் சுவரில் மரச் சக்கரம் ஒன்று இருந்ததாம். வளர்க்க முடியாதவர்கள் குழந்தையை வெளியிலிருந்து அதில் வைத்துச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள். உள்ளே இருக்கிறவர்கள் எடுத்து வளர்ப்பார்கள். அப்படி வந்த பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே குடும்பப் பெயர். வெளியே விடப்பட்டவன் என்று அர்த்தம். இனி யாருக்கும் அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று இருநூறு வருடத்துக்கு முன்பே உத்தரவு வந்துவிட்டதாம். ஆனால் அதற்குள் அவர்கள் பெருகிவிட்டார்கள்.

"எங்க தாத்தாவோட தாத்தாவுக்கு முன்னாடி யாரோ ஒரு பாப்பா அந்தச் சக்கரத்துல வந்திருக்கு" என்று சிரித்தபடி இன்னொரு பணியாரம் எடுத்தான். ரயிலில் ஜன்னலோர சீட் கிடைத்த கதையைச் சொல்வதுபோல அவன் சொன்னான்.

அழகர்சாமிக்குத் தேநீர் புரையேறியது. உஷாராணி அவர் முதுகில் தட்டினாள்.

"இத வேற யார்கிட்டயாச்சும் சொல்லியிருக்கானாம்மா?"

"கேட்டா சொல்லுவான்பா. அதுல என்ன இருக்கு?"

"அதுலதான் அவன் முழங்கால் இருக்கு."

மறுநாளே அவர் கரோல் பாக் போனார். கடையில் ரத்தினவேல் ஒரு சைலன்சரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவனுக்குப் பங்காளி முறையில் தம்பியும் கடைப் பொறுப்பாளனுமான சிவகுமார் ஸ்டூலைத் தூசி தட்டிப் போட்டான். உட்கார்ந்த பிறகுதான் அழகர்சாமிக்கு அருள் வந்தது.

"மாப்ள, விசாரிச்சிட்டேன். எஸ்பொசிட்டோன்னா வெளிய நிறுத்தப்பட்டவங்கன்னு அர்த்தம்."

"எதுக்கு வெளிய?"

"கோட்டைக்கு வெளிய. எதிரி வந்தா மொதல்ல இவங்களத் தாண்டித்தான் போகணும். உள்ள ராஜா தூங்குவான், வெளிய இவங்க முழிச்சிருப்பாங்க. சேனாதிபதி அந்தஸ்து."

ரத்தினவேல் துடைப்பதை நிறுத்தினான். "காவக்கார வகையறாவா?"

"அப்படியே நம்மள மாதிரி."

பொய்யில் பாதி உண்மை இருந்ததால் அழகர்சாமிக்கு அதைச் சொல்லுவதில் சிரமம் இருக்கவில்லை. கொசுவலை இருப்புக் கணக்கு சொல்லிப் பழகிய வாய். ரத்தினவேல் எழுந்து அவரைக் கட்டிப் பிடித்தான். அவர் சட்டையில் கிரீஸ் ஒட்டியது.

அதன்பிறகு எஸ்பொசிட்டோ புகழைப் பரப்பும் வேலை அழகர்சாமியின் கையை விட்டுப் போய்விட்டது. ரத்தினவேல் சொல்லச் சொல்ல சேனாதிபதிகள் குதிரை ஏறினார்கள், தலைகளைக் கொய்தார்கள், ஒரு கட்டத்தில் ரோமாபுரியையே மூன்று பகல் தனியாகக் காத்தார்கள். நிச்சயத்துக்கு மந்திர் மார்க் பக்கம் ஒரு மண்டபம் பிடித்து, வாசலில் 'எஸ்பொசிட்டோ காவல் வகையறாவை வருக வருக என வரவேற்கும் தாய்மாமன்' என்று ஃப்ளெக்ஸ் வைத்தான். அதில் மார்க்கோவின் படம் தபால்தலை அளவு; தாய்மாமன் படம் ஆளுயரம். மார்க்கோவால் அதைப் படிக்க முடியவில்லை. "உன்னை வரவேற்கிறாங்க" என்று மட்டும் உஷாராணி சொன்னாள்.

மார்க்கோவின் அம்மா கல்யாணத்துக்குத்தான் வருவதாக இருந்தாள். மாப்பிள்ளை பக்கம் எழுந்து சொல்ல ஆளில்லாததால் அந்தச் சிரமத்தையும் ரத்தினவேலே ஏற்றுக்கொண்டான். மைக்கைப் பிடித்து, இத்தாலி தேசம், நேப்பிள்ஸ் மாநகரம், கோட்டைக் காவல் எஸ்பொசிட்டோ வகையறா என்று முழங்கினான். வெளிநாட்டு விருந்தாளி இருந்தால் சபைக்குக் களை என்பதற்காகத் தன் வாடிக்கையாளர் ஒருத்தியையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தான். ஜூலியா என்று பெயர், இத்தாலிக்காரி. வருடா வருடம் அவனிடம் பைக் எடுத்து லடாக்குக்குச் சுற்றுலாக் கூட்டம் அழைத்துப் போகிறவள். தமிழ் தெரியாத அவளுக்காக ரத்தினவேல் எல்லாவற்றையும் ஹிந்தியில் இன்னொரு முறை முழங்கினான். முடித்துவிட்டு, "சொல்லுங்க ஜூலியாஜி, உங்க ஊர்தானே" என்று மைக்கை அவளிடம் நீட்டினான்.

ஜூலியா சிரித்துவிட்டாள்.

இத்தாலியனில் பேசியிருந்தால் யாருக்கும் புரிந்திருக்காது. அவள் பஹாட்கஞ்ச் கடைத்தெரு ஹிந்தியில் பேசினாள். மண்டபம் மொத்தத்துக்கும் புரிந்தது.

"ரத்தன்ஜி, உங்ககிட்ட யார் இப்படிச் சொன்னது? எங்க தெருவுல ரொட்டிக் கடைக்காரன் எஸ்பொசிட்டோ. பல் டாக்டர் எஸ்பொசிட்டோ. என் ஸ்கூட்டரைத் திருடினவனும் எஸ்பொசிட்டோ. இவங்க எல்லாருமா சேனாதிபதி? சர்ச்சுல விட்டுட்டுப் போன அனாதைக் குழந்தைகளுக்கு வைக்கிற பேரு இது. பாவம், நல்ல பேருதான்."

பின்வரிசையில் கரோல் பாக் பைக் கடைக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் அந்த வரிசை முழுவதும் சிரித்தது.

ரத்தினவேல் மைக்கைக் கீழே வைத்தான். பக்கத்திலிருந்த இரும்பு மடக்கு நாற்காலியை மடக்கினான். அந்த இரண்டையும் அவன் நிதானமாகத்தான் செய்தான். பிறகு அதைச் சுழற்றி மார்க்கோவின் தலையைப் பார்த்து இறக்கினான். மார்க்கோ கையைக் குறுக்கே தூக்கினான். முன்கை எலும்பு முறிந்த சத்தம் மைக் வழியாக மண்டபம் முழுக்கக் கேட்டது. இரண்டாவது அடி மூக்கில் விழுந்தது. சந்தனம் தடவிய முகத்தில் ரத்தம் ஓடிப் பட்டுச் சட்டையில் வழிந்தது. விழுந்தவனின் விலாவில் சிவகுமார் ஷூக் காலால் உதைத்தான். ஏன் உதைக்கிறோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அண்ணன் அடித்தால் தம்பி உதைப்பது வழக்கம்.

உஷாராணி தட்டிலிருந்த தேங்காயை எடுத்து மாமனின் காதோரம் ஓங்கி அடித்தாள். காது கிழிந்தது. அவன் திரும்பி விட்ட அறையில் அவள் பழத்தட்டுகளின் மேல் போய் விழுந்தாள். ஜூலியா ஓடிவந்து அவளைத் தூக்கினாள். சொந்தக்காரர்களில் பாதிப் பேர் போனில் படம் பிடித்தார்கள். ஒருவர் பொறுப்பாக லட்டு டப்பாவைப் பத்திரமான இடத்துக்கு நகர்த்தினார்.

"கால நீட்டிப் புடிறா" என்றான் ரத்தினவேல். சிவகுமார் மார்க்கோவின் வலது காலை மேடைப் படியின் விளிம்பில் வைத்து அழுத்தினான்.

அழகர்சாமி மேடையின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவருக்கும் வாசலுக்கும் நடுவில் அந்தக் கால் கிடந்தது. அவர் கைவசம் இன்னொரு பொய்யும் இருந்தது. "மாப்ள, அந்தம்மா பேச்ச நம்பாத, பொறாமையில சொல்லுது" என்று ஆரம்பித்துக்கொண்டே, அப்படியே வாசல் பக்கம் நழுவிவிடலாம் என்று காலைத் தாண்டினார். நாற்காலி இறங்கியது. அது அவருடைய முழங்காலில் விழுந்தது. அவர் மார்க்கோவின் மேல் சாய்ந்தார். அடுத்த அடி வாயில் விழுந்தது. முன்பற்கள் நாக்கில் உதிர்ந்தன. மூன்றாவது அடி முதுகில். அப்போது வள்ளியம்மை வந்து தம்பியின் கையைப் பல்லால் கடித்து நாற்காலியைப் பிடுங்கினாள். நாற்காலி வளைந்து போயிருந்தது.

வீடியோவைப் பார்த்தவர்கள், மருமகனின் கால் மேல் மாமனார் பாய்ந்து விழுந்து காப்பாற்றியதாக அன்று மாலைக்குள் டில்லித் தமிழ் வாட்ஸ்அப் குழுக்கள் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு கட்டில்களும் அடுத்தடுத்துக் கிடந்தன. மார்க்கோவின் கையில் மாவுக்கட்டு; அழகர்சாமியின் முழங்காலைச் சுற்றிப் பலகைக் கட்டு. அடிதடி கேஸ் என்பதால் டியூட்டி கான்ஸ்டபிள் ஒருவர் வாக்குமூலம் வாங்க வந்து, கட்டிலோரம் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவருக்கு முன்பே சிவகுமார் வந்து சுவரோரம் நின்றிருந்தான். சட்டையை மாற்றியிருந்தான், ஷூவை மாற்றவில்லை.

"மாமா, அண்ணன் சொல்லச் சொன்னாரு" என்று குனிந்து மெல்லப் பேசினான். "படியில உருண்டுட்டோம்னு சொல்லிருங்க. பொண்ணு கோர்ட்டுல கல்யாணம் பண்ணிக்கிறதுன்னா பண்ணிக்கட்டும், அண்ணன் அந்தப் பக்கம் வர மாட்டாரு. கேஸுன்னு போனீங்கன்னா அப்புறம் நம்மாளு ஒருத்தன் உங்க வாசப்படி மிதிக்க மாட்டான். நல்லது கெட்டதுக்கு நாலு பேர் வேணும்ல? அப்புறம் இன்னொரு காலும் இருக்கு. பாத்துக்கங்க."

மார்க்கோ, என்ன பேசுகிறார்கள் என்று உஷாராணியிடம் கேட்டான். வீங்கிய கன்னத்தோடு அவள் சொன்னாள். அவன் அழகர்சாமியின் பக்கம் தலையைத் திருப்பினான்.

"சேனாதிபதின்னு நீங்கதான் சொன்னீங்களா, அங்கிள்?"

அழகர்சாமி தலையசைத்தார்.

"ஏன்?"

"உன் காலுக்காக."

மார்க்கோ சிரிக்கப் பார்த்தான். விலா விடவில்லை.

கான்ஸ்டபிள் பேனா மூடியைக் கழற்றினார். "ஹாஞ்ஜி. எப்படி அடிபட்டது?"

அழகர்சாமியிடம் பதில் தயாராக இருந்தது. மண்டபத்துப் படி, புதுச் செருப்பு, எண்ணெய்ப் பிசுக்கு. ஒன்றும் குறையில்லாத கதை. அதைச் சொன்னால் கல்யாணம் நடக்கும், சொந்தம் மிஞ்சும், அடுத்த விசேஷத்தில் ரத்தினவேல் இதையும் பந்தியில் சொல்லுவான். எல்லாரும் சிரிப்பார்கள். "படியில..." என்று ஹிந்தியில் தொடங்கினார்.

வள்ளியம்மை அவரைப் பார்க்கவில்லை. தம்பியின் ரத்தம் காய்ந்திருந்த தன் உதட்டைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, மார்க்கோவின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போர்வைக்கு வெளியே நீண்டிருந்த முழுசான கால். விரல்கள் சும்மா அசைந்துகொண்டிருந்தன.

"படியில?" என்றார் கான்ஸ்டபிள்.

"படியில காலை வச்சுப் புடிச்சாங்க" என்றார் அழகர்சாமி. பல் இல்லாத இடத்தில் வார்த்தைகள் காற்றாகப் போயின, திரும்பவும் சொன்னார். "இந்தா நிக்கிறானே, இவன் புடிச்சான். பேரு சிவகுமார். ரத்தினவேல் அடிச்சான். இரும்பு நாற்காலி. என் பொண்டாட்டியோட தம்பி. மொத அடி இந்தப் பையன் கையில. நான் பக்கத்துலதான் நின்னேன்."

"அவனைக் காப்பாத்தப் போனீங்களா?"

"இல்ல. தப்பிச்சு ஓடப் போனேன்."

கான்ஸ்டபிள் நிமிர்ந்து பார்த்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டார்.

சுவரோரம் நின்றவன் அங்கே இல்லை. சற்று நேரத்தில் ஜன்னலுக்குக் கீழே புல்லட்டுகள் உறுமும் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, நாலைந்து இருக்கும். உஷாராணி எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு, அதில் முதுகைச் சாய்த்து நின்றாள்.

"ஆகே போலியே" என்று மேலே சொல்லச் சொன்னார் கான்ஸ்டபிள்.

"ரெண்டாவது அடி மூக்குல" என்றார் அழகர்சாமி.