வாடகையில்லா அறை

வாடகை வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் வேறு ஏதோ வேண்டும் என்று அர்த்தம். அது என்னவென்று கேட்காமல் இருக்கும்வரை எனக்கு லாபம்.

வீட்டுக்காரம்மாவின் பின்னால் மாடிப்படி ஏறியபோது அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டாள். முதுகில் ஒரே பை. பதினோரு மாத வாழ்க்கை அதற்குள் அடங்கியிருந்தது.

காப்பீட்டு அலுவலகத்தில் எட்டு வருடம் அடுத்தவர்களின் நஷ்டத்தைக் கணக்குப் பார்த்துவிட்டு, ஒரு நாள் எழுந்து ஊர் ஊராகப் போகக் கிளம்பியவள் அவள். ஒரு நாள் செலவில் சரிபாதியை அறை தின்றுவிடும். மிச்சத்தில்தான் சாப்பாடு, பஸ், சோப்பு, எப்போதாவது தலைவலி மாத்திரை. கையில் இருந்தது இன்னும் நாற்பது நாளுக்கு வரும். அது தீர்ந்தால் அண்ணன் வீட்டு சோபாதான் கதி. "அலுத்துப்போச்சுன்னா சொல்லு, சோபாவைத் தட்டி வைக்கிறேன்" என்று அவன் போனில் சீண்டுவான். சோபா பேச்சு வந்தாலே அவள் வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள்.

வீட்டுக்காரம்மா கேட்டது சின்ன விஷயம். தினமும் நாலு மணியிலிருந்து ஐந்து மணிவரை ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் உட்கார வேண்டும். எதிர்வீட்டு மாடியில் அவருடைய அக்கா படுத்த படுக்கையாக இருக்கிறாராம். மாலையில் மட்டும் அவரை ஜன்னல் பக்கம் தூக்கி உட்கார வைப்பார்களாம். வீட்டுக்காரம்மாவின் மகள், இவளைப் போலவே ஒரு பையோடு கிளம்பிப்போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஒரு கடிதம்கூட இல்லை. அந்தச் சேதி அக்காவுக்குத் தெரியாது. தங்கையின் செல்ல மகள் இன்னும் இதே அறையில்தான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்.

"ஐஞ்சு மணிக்கு ஒரு தடவை கையை ஆட்டிடு கண்ணு. அவ்வளவுதான். வகிடு மட்டும் இடது பக்கம் எடுத்துக்கோ."

வகிட்டை மாற்றக் காசு ஆகாது. அவள் மாற்றிக்கொண்டாள்.

முதல் நாள் கையை ஆட்டியபோது, எதிர் ஜன்னலின் இருட்டிலிருந்து வெளிறிய ஒரு கை எழுந்து, இரண்டு முறை அசைந்து, இறங்கியது. நாலைந்து நாளில் அது பழகிவிட்டது. இங்கே இரண்டு நாள் இருந்தால் வெளியே ஒரு நாள் கூடும் என்று கணக்குப் போட்டாள். ஒரு வாரம் என்று வந்தவள் இரண்டு வாரம் என்றாள். பிறகு அதையும் சொல்வதை விட்டுவிட்டாள்.

சலவைக் கடையில் தன் மகள் பேரில் பற்று இருப்பதாகவும், சீட்டில் அவள் பேரையே எழுதிவிட்டால் துணிக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை என்றும் வீட்டுக்காரம்மா சொன்னார். அவள் எழுதினாள். முதலில் எழுத்து கோணியது. பிறகு தானாக வந்தது. ரொட்டிக் கடைக்காரர் ஒரு நாள் அவள் கேட்பதற்கு முன்பே பொட்டலத்தை நீட்டி, "உங்கம்மா காலையிலயே காசு குடுத்துட்டாங்க. நான் கேட்டேன்னு சொல்லுங்க" என்றார். திருத்தியிருக்கலாம். பொட்டலம் சூடாக இருந்தது. அன்றைய சாப்பாட்டுச் செலவு மிச்சம் என்று வாங்கிக்கொண்டாள்.

படியேறும்போதுதான், தான் பதில் சொன்னது நினைவுக்கு வந்தது. "சரி, அம்மாகிட்ட சொல்லிடறேன்" என்று சொல்லியிருந்தாள்.

இருபதாம் நாள் மத்தியானம், போதும் என்று தோன்றியது. பையைக் கட்டிவிட்டு, இத்தனை நாள் கையசைத்த பெரியவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போவது சரியில்லை என்று எதிர்வீட்டுக்குப் போனாள். பார்த்துக்கொள்ளும் நர்ஸ் கதவைத் திறந்தாள். யார் என்று கேட்கவில்லை. வழிவிட்டாள்.

கட்டிலில் இருந்த முதியவளின் கண்கள் பால் ஊற்றியதுபோல் வெளுத்திருந்தன.

"பெரியம்மாவுக்குக் கண்ணு போயி ஆறு வருஷம் ஆச்சே" என்றாள் நர்ஸ். "உங்களுக்குத் தெரியாதா?"

அப்படியென்றால் கையை ஆட்டுவது யார் என்று கேட்டாள்.

"உங்கம்மாதான். நாலு மணிக்கு வந்து நாற்காலிக்குப் பின்னாடி நிப்பாங்க. உங்களையே பாத்துக்கிட்டு இருப்பாங்க. ஐஞ்சு மணிக்கு இவங்க கையைப் பிடிச்சுத் தூக்கி ஆட்டுவாங்க. இவங்களுக்கு வலிக்கும், பாவம்."

அவள் அந்த ஜன்னல் வழியே தன் அறையைப் பார்த்தாள். காலி நாற்காலி, கொடியில் இன்னும் காயாத அவளுடைய துண்டு, பாதி இழுத்த திரை. யாரோ ஒருத்தி கடைக்குப் போயிருக்கிறாள், இப்போது வந்துவிடுவாள் என்பதுபோல் இருந்தது. அவளே ஒரு கணம் அந்தப் பெண் வருவதற்காகக் காத்திருந்தாள்.

திரும்பி வந்தபோது வீட்டுக்காரம்மா அவள் அறையில் இருந்தார். மேசைமேல், வீட்டில் இருப்பவர்களின் பேரைப் பதியும் அரசாங்கப் படிவம். அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டிருந்தார். கட்டி வைத்திருந்த பையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது வருடம் எப்படியோ சமாளித்ததாகவும், இந்த வருடம் மகளே நேரில் கையெழுத்துப் போடாவிட்டால் அவள் பேரை அடித்துவிடுவார்கள் என்றும் சொன்னார். நாளை அதிகாரி வருகிறார்.

"நீ ஒண்ணும் பேச வேண்டாம். தெருவுல யாரை வேணா கேக்கட்டும், நீதான் என் பொண்ணுன்னு சொல்லுவாங்க."

ஜன்னல் எதற்கு, சலவைச் சீட்டு எதற்கு, ரொட்டி எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது. மலிவாகக் கிடைத்த ஒவ்வொன்றிலும் அவளைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து வந்திருந்தாள்.

"உனக்கு இதுல என்ன குறைஞ்சிடும்? சாகறவரைக்கும் இந்த ரூம் உனக்கு. ஒரு பைசா வேண்டாம். நீ எங்க வேணாப் போ, வா. பேரு மட்டும் இங்க இருக்கட்டும்."

அவர் குரலில் மிரட்டல் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பேனாவை அவள் விரல்களுக்கிடையில் வைத்து, பிள்ளைக்கு எழுதப் பழக்குவதுபோல் தன் கையால் மூடினார். அவள் கை அந்தப் பேரின் முதல் வளைவுக்குத் தயாராக இருந்தது. எழுதுவது எவ்வளவு சுலபம் என்று கைக்குத் தெரிந்தே இருந்தது.

அவள் மெல்லக் கையை உருவிக்கொண்டாள். பேனாவை மூடிப் படிவத்தின்மேல் வைத்தாள். பையின் உள்ளறையிலிருந்து பணத்தை எடுத்து இருபது நாள் வாடகையை எண்ணிப் பக்கத்தில் வைத்தாள். அந்தப் பணத்தோடு பயணத்தில் பத்து நாள் குறைந்தது. சோபா பத்து நாள் அருகில் வந்தது.

வீட்டுக்காரம்மா பணத்தைத் தொடவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"சரி, கையெழுத்து வேண்டாம். மணி நாலாகப் போகுது. நான் அந்தப் பக்கம் போறேன். இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உக்காரு, கண்ணு."

"இல்லம்மா" என்றாள் அவள், பையைத் தோளில் மாட்டியபடி. "முடியாது."