மாலையில் திருப்பித் தரப்படும் காய்ச்சல்

அந்தப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சலோடு வரும் பிள்ளைகளிடமிருந்து காலை எட்டே முக்காலுக்குக் காய்ச்சலை வாங்கி வைத்துக்கொண்டு, மாலை மூன்றரைக்கு வாசலில் பெற்றோர் கையில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். வாங்குவது நர்சம்மாவின் வேலை. இரண்டு கட்டிலும் ஒரு பீரோவும் போட்டால் நடக்க இடமில்லாத மருத்துவ அறையில், பிள்ளையின் நெற்றியில் வலது உள்ளங்கையை வைத்து, ஆறிய பாலில் ஆடையை எடுப்பதுபோல ஓர் ஓரத்திலிருந்து மெல்ல உரித்து எடுப்பார். எடுத்ததை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, பெயர், வகுப்பு, பிரிவு, எத்தனை டிகிரி என்று எழுதிய பிளாஸ்திரியை ஒட்டி பீரோவில் அடுக்குவார். பிள்ளை எழுந்து முதல் பீரியடுக்குப் போய்விடும். காய்ச்சல் பிள்ளையுடையது, பள்ளி அதை வைத்துக்கொள்ள உரிமையில்லை என்பதால் திருப்பிக் கொடுப்பதில் மட்டும் ஆரம்பத்தில் கறாராகவே இருந்தார்கள்.

அதற்கு முன்னால் எல்லாப் பள்ளிகளையும் போலத்தான் அதுவும் இருந்தது. காய்ச்சல் விட்டு இரண்டு நாள் கழித்தே வர வேண்டும். அம்மை என்றால் கடைசிக் கொப்புளம் காய்ந்து உதிரும்வரை வரக்கூடாது. கண்வலி என்றால் பீளை நிற்கும்வரை வீட்டில் இருக்க வேண்டும் என்று அச்சடித்த கடிதம் வருடா வருடம் வீடுகளுக்குப் போகும். பிறகு புதிய தலைமையாசிரியை வந்தார். வருகைப் பதிவேட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது. அதனால் பிள்ளைகள் அவருக்கு ‘நூத்துக்கு நூறு’ என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் அவர் காதுக்கும் போனது, அவருக்கும் அது பிடித்திருந்தது. முழு வருகைக்குக் கல்வி அலுவலகம் கொடுக்கும் கேடயம் அவர் வந்த முதல் வருடம் ஒரே ஒரு பிள்ளையின் காய்ச்சலால் கைநழுவிப் போனது. மறு வாரம், அழுதுகொண்டிருந்த மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் நெற்றியை நர்சம்மா தடவிக்கொடுத்தபோது, காய்ச்சல் கையோடு வந்துவிட்டது. பயந்துபோய் அதைப் பஞ்சு வைக்கும் டப்பாவில் போட்டு மூடினார். ‘நூத்துக்கு நூறு’ டப்பாவைத் திறந்து பார்த்தார், மூடினார். “இது எல்லாப் பிள்ளைகிட்டயும் வருமா, இல்ல இவகிட்ட மட்டுமா?” என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆசிரியர்களும் சீக்கிரமே வரிசையில் நின்றார்கள். ஒரு டீச்சர் லீவு போட்டால் அவர் வகுப்பைப் பக்கத்து அறையில் கொண்டுபோய்த் திணிப்பது வழக்கம். நாற்பது பேர் உட்காரும் இடத்தில் எண்பது பேர் தொடை இடிக்க உட்கார்ந்து, ஒருவருக்கு இருப்பதை எண்பது பேரும் பங்கு போட்டுக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் அந்த அறை டீச்சரும் படுத்துவிடுவார். இனி யாரும் படுக்க வேண்டாம் என்று ஆனது. பெரியவர்களின் காய்ச்சலுக்குப் பெரிய டப்பா வாங்கினார்கள். ஓவிய ஆசிரியரின் காய்ச்சல் அதிலும் அடங்காமல் நாலு அடுக்கு டிபன் கேரியரில் பிரித்து வைக்கப்பட்டது. மழைக்காலத்தில் பிள்ளைகள் நனைந்த சாக்ஸை பீரோ மேல் காயப்போட்டார்கள். ஆசிரியர்களின் டீ அதன் மேல் சாயங்காலம்வரை ஆறாமல் இருந்தது. அந்த அறைதான் பள்ளியிலேயே சுகமான அறை என்று எல்லோரும் சொன்னார்கள்.

பெற்றோர்கள் நர்சம்மாவைக் கையெடுத்துக் கும்பிடாத குறை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வேலையிடத்தில் லீவு கேட்டு நிற்பது எப்படிப்பட்ட பாடு என்று தெரிந்தவர்களுக்கு இது புரியும். ஆனால் கொஞ்ச நாளில் சாக்கு சொல்ல ஆரம்பித்தார்கள். “நாளைக்குச் சேத்து வாங்கிக்கிறேன் சிஸ்டர், இன்னிக்கு வீட்ல விருந்தாளி” என்றார் ஒருவர். “பரீட்சை முடியட்டுமே” என்றார் இன்னொருவர். குடையையும் தண்ணீர் பாட்டிலையும் மறந்துவிட்டுப் போவதுபோலக் காய்ச்சலையும் விட்டுப் போனார்கள். ஒரு வாரத்துக்குள் பெற்றுக்கொள்ளாத காய்ச்சலுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று வாசலில் ஒரு அட்டை மாட்டினார்கள். அதை எல்லோரும் படித்துவிட்டு டப்பா இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது வருட முடிவில் கேட்பாரற்ற டப்பாக்கள் அறுபத்து மூன்று இருந்தன.

டப்பாவில் இருந்தது காய்ச்சல் மட்டும்தான். நோய் பிள்ளைகளிடமேதான் இருந்தது. இருமியது, தும்மியது, பென்சிலைக் கடன் வாங்கியது, ஒரே குழாயில் வாய் வைத்துத் தண்ணீர் குடித்தது. நெற்றி சுடாததால் யாரும் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. ஒரு மாதம் ஏழாம் வகுப்பு முழுவதற்கும் தொண்டை கட்டி, சரித்திரப் பாடம் சைகையில் நடந்தது. அந்த மாதமும் வருகை முழுமை. பேச்சு அடிபட்டு சுகாதார ஆய்வாளர் வந்தார். நானூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளின் நாக்குக்கடியிலும் தெர்மாமீட்டர் வைத்தார், ஒன்றுகூடத் தொண்ணூற்றெட்டைத் தாண்டவில்லை. நோய் எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, இருமிக்கொண்டே போனார்.

நர்சம்மாவின் மகளும் அதே பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒரு திங்கட்கிழமை காலை அவளுக்கு நூற்றிரண்டு. அவளை விட்டுவிட்டு வர வீட்டில் ஆளில்லை. கூட இருக்கலாம் என்றால் வாசலில் முப்பது பிள்ளைகள் நெற்றியோடு காத்திருக்கும். நர்சம்மா வீட்டிலேயே உரித்து எடுத்து, கைப்பையில் போட்டுக்கொண்டு வந்து, பீரோவின் கீழ்த்தட்டில் பின்வரிசையில் வைத்தார். தன் பிள்ளையுடையது தனக்குத் தெரியாதா என்று பிளாஸ்திரி ஒட்டவில்லை. அன்று மாலை களைப்பு. மறுநாள் மகளுக்குக் கணக்குப் பரீட்சை. அதற்கடுத்த நாள் ஒன்பது பெற்றோரை நிற்க வைத்துத் திட்டிவிட்டு, தன் டப்பாவைக் கண்டும் காணாமல் பீரோவைப் பூட்டினார். ஊருக்கெல்லாம் சொன்னவர் இப்படிச் செய்தார் என்று எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பத்தாம் நாள் மகள் கையில் பிடித்திருந்த பால், குடித்து முடிப்பதற்குள் ஜில்லென்று ஆனது. மத்தியான வெயிலில் அவள் பக்கத்தில் உட்காரப் பிள்ளைகள் சண்டை போட்டார்கள், அவ்வளவு குளுமை. பதினைந்தாம் நாள் மைதானத்தில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள் அழவே இல்லை. யாருடைய முட்டியையோ பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தொன்பதாம் நாள் விரல்களில் பென்சில் நிற்கவில்லை. வகுப்பு டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு மருத்துவ அறைக்கு வந்தார். நர்சம்மா தெர்மாமீட்டர் வைத்தார், தொண்ணூற்றொன்று. உதறிவிட்டு மறுபடி வைத்தார், தொண்ணூறு. பீரோவைத் திறந்து பின்வரிசையில் கைவிட்டபோது டப்பாவின் மூடி தானாகவே துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளைக்காக நோயோடு சண்டை போடக் கிளம்பிய ஒரே ஆளைப் பிடித்து டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. மகளைக் கட்டிலில் படுக்க வைத்துப் போர்த்திவிட்டு, டப்பாவை இடுக்கிக்கொண்டு தலைமையாசிரியை அறைக்குப் போனார்.

“எத்தனை நாள் வேணும்?” என்று கேட்டார் ‘நூத்துக்கு நூறு’.

“காய்ச்சல் விடுற வரைக்கும். அப்புறம் ரெண்டு நாள்.”

“கேடயத்துக்குப் பதினோரு நாள்தான் பாக்கி. அதுக்கப்புறம் ஒரு மாசம்கூட எடுத்துக்கோங்க, நானே கையெழுத்துப் போடுறேன்.”

“பதினோரு நாள் அவ தாங்க மாட்டா மேடம்.”

“சாயங்காலம் குடுத்துட்டுக் காலைல எடுத்துருங்களேன். எல்லாருக்கும் அப்படித்தானே பண்றோம்?”

“எல்லாருக்கும் பண்ணதுதான் தப்பு” என்று சொல்லி நர்சம்மா பீரோ சாவியை அவர் உள்ளங்கையில் வைத்தார். அந்தக் கை குழாய்த் தண்ணீர் மாதிரி இருந்தது. “உங்களுது மேல்தட்டுல இடது ஓரத்துல இருக்கு மேடம். ரெண்டு வருஷம் ஆச்சு.”

மறுநாள் காலை முப்பத்தோரு பிள்ளைகள் காய்ச்சலோடு வந்து நின்றார்கள். ‘நூத்துக்கு நூறு’ முதல் பிள்ளையின் நெற்றியில் கை வைத்து உரித்துப் பார்த்தார், சூடுதான் தெரிந்தது, எதுவும் வரவில்லை. அந்தச் சூடு அவருக்கு இதமாக இருந்தது. கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார் என்று காவலாளி சொல்கிறார். பிறகு முப்பத்தோரு பேரையும் வீட்டுக்கு அனுப்பினார். பீரோவில் டப்பா விட்டுப்போன பெற்றோருக்கு அவரே ஒவ்வொருவராகப் போன் போட்டார். மத்தியானத்துக்குள் தெருமுனைவரை வரிசை நின்றது. துண்டைச் சுற்றி டப்பாவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தளும்பாமல் நடந்து போனார்கள். பள்ளியை நான்கு நாள் மூடினார்கள். அந்த நாட்களில் தெருவில் நடந்தவர்களுக்கு வீட்டுச் சுவர்களிலிருந்து அனல் அடித்தது. கடைசி டப்பாவை ‘நூத்துக்கு நூறு’ எடுத்துக்கொண்டு போய், கதவைச் சாத்திக்கொண்டு பன்னிரண்டு நாள் படுத்தார். கேடயம் வேறு பள்ளிக்குப் போனது. பழைய கடிதம் மறுபடி அச்சடிக்கப்பட்டது, ஒரு எழுத்துகூட மாற்றவில்லை.

பத்தொன்பது நாள் அடைபட்டிருந்த காய்ச்சல் மகளிடம் வட்டியும் முதலுமாகத் திரும்பியது. நூற்றைந்து. நெற்றியில் போட்ட ஈரத்துணி சுர்ரென்று காய்ந்தது, தலைமாட்டில் வைத்த தண்ணீர் வெந்நீரானது. டாக்டர் தினமும் வந்து பார்த்து, மருந்து கொடுத்து, தண்ணீர் கொடுத்துக்கொண்டே இருங்கள் என்றார். நர்சம்மாவுக்குத் தன் கைகள்மேல்தான் பயம். ஒரே ஒரு தடவை தடவினால் போதும், பிள்ளை எழுந்து உட்கார்ந்துவிடும். அதனால் இரண்டு கைகளிலும் துண்டை இறுகச் சுற்றிக்கொண்டு, அந்தக் கைகளாலேயே ஈரத்துணி போட்டார், தம்ளரைப் பிடித்தார்.

“அம்மா, எடுத்துடும்மா” என்றாள் மகள்.

“மாட்டேன்.”

“எல்லாப் பிள்ளைக்கும் எடுக்குற. எனக்கு மட்டும் ஏம்மா மாட்டேங்குற?”

நர்சம்மா நெற்றித் துணியை நனைத்து மறுபடி போட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் மகளின் கண் ஒரு தடவை மேலே செருகியபோது, வலது கைத் துண்டைப் பாதி அவிழ்த்துவிட்டார். டாக்டர் வரும்வரை அந்தக் கையைத் தன் தொடைக்கடியில் வைத்து, அதன்மேல் முழுப் பாரத்தோடு உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் இரண்டு மணி வாக்கில் மகளுக்கு வேர்த்தது. முதலில் மேலுதட்டில், பிறகு கழுத்தில், பிறகு தலையணையைப் பிழியலாம்போல. “முதுகெல்லாம் நசநசன்னு இருக்கும்மா” என்று எரிச்சலோடு போர்வையை உதைத்தாள். நர்சம்மா இரண்டு கைத் துண்டுகளையும் அவிழ்த்தார். விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. வெறும் உள்ளங்கையை மகளின் நெற்றியில் வைத்தார். வேர்வை ஒட்டியது, வேறு எதுவும் கையோடு வரவில்லை.

“நாளைக்கு ஸ்கூல் தொறக்குறாங்களாமே” என்றாள் மகள். “போகணுமா?”

“உனக்கு இல்ல” என்றார் நர்சம்மா. “எனக்கும் இல்ல.”