திருமண நாளை ஸ்பானிஷில் எழுதுக

ஸ்பானிஷ் தெரிந்தால் சம்பளம் கூடும் என்று மும்பையில் நான் வேலை பார்க்கிற வாஷி ஆபீசில் சொன்னார்கள். யோசித்துச் செய்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. மறுநாளே கலினாவில் யுனிவர்சிட்டியின் சனிக்கிழமை வகுப்பில் பேர் கொடுத்துவிட்டு வந்தேன்.

"ஏட்டி ஜெனிஃபர், தமிழ், இந்தி, மராத்தி, இங்கிலீஷ், நாலுலயும் நீ திட்டுதது பத்தாதா?" என்றார் அப்பா. அவர் பெயர் மிக்கேல்ராஜ். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறையில் வேலை.

இரண்டாவது வாரம் எண்களும் தேதிகளும் படித்தோம். மிஸ் ஒரு தாள் கொடுத்தார். குடும்ப மரம். அப்பா, அம்மா பிறந்த நாள், அவர்களுடைய திருமண நாள், எல்லாவற்றையும் ஸ்பானிஷில் எழுதி அடுத்த சனிக்கிழமை எழுந்து நின்று வாசிக்க வேண்டும். எல்கேஜி வேலை என்று எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அம்மா அன்னமேரி சமையலில் இருந்தாள். "உங்க கல்யாணம் என்னைக்குன்னு சொல்லு, எங்க டீச்சர் கேட்டிருக்காங்க" என்றேன்.

"மே பதினாலு."

"வருஷம்?"

"அது எதுக்கு அந்த டீச்சருக்கு? அப்பாட்ட கேளு."

அப்பாவிடம் கேட்டேன். "அம்மாட்ட கேளு" என்றார். இப்படிப் பந்து விளையாடினால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரணிலிருந்து பெட்டியை இழுத்துப் போட்டேன். ரேஷன் கார்டுக்கு அடியில் கோயிலில் கொடுத்த திருமணச் சான்றிதழ் இருந்தது. 2006.

நான் பிறந்தது 2004.

மறுபடி வாசித்தேன். மாப்பிள்ளை பெயருக்கு நேரே, மனைவியை இழந்தவர் என்று ஆங்கிலத்தில் டைப் அடித்திருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"என்னது இது?"

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "ஜெயசீலி" என்றாள்.

ஜெயசீலி பெரியம்மா. அம்மாவின் அக்கா. கல்யாணமாகாமலே மஞ்சள் காமாலையில் இறந்துபோனவள் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அம்மா என்னை அவள் கல்லறைக்கு இழுத்துக்கொண்டு போவாள். என் கையாலேயே மெழுகுவர்த்தி ஏற்றச் சொல்வாள். நானோ, வெயில் கொல்லுது, சீக்கிரம் ஜெபம் பண்ணிட்டு வா என்று கத்துவேன். போன நவம்பரில் அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தேன். அடப்பாவி, என்னைப் பெற்றவள் மேலா உட்கார்ந்திருந்தேன்?

எங்கள் ஊர்ப் பக்கம் அக்கா செத்தால் தங்கையைக் கட்டிவைப்பது புதுசில்லை. எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். ஆனால் எங்கள் சந்து முழுக்கத் தெரிந்திருக்கும் இந்த விஷயம் எனக்கு மட்டும் தெரியாது. இருபத்தோரு வருஷம் என்னை முட்டாளாக்கியிருக்கிறார்கள்.

"அப்போ நீ யாரு எனக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. என் வாய் அப்படி.

அவள் அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"அக்கா போவும்போது உனக்கு எட்டு மாசம். எனக்குப் பத்தொம்போது வயசு. புள்ளயப் பாத்துக்கன்னு ஊர்ல இருந்து இங்க அனுப்புனாவ. அப்போ கல்யாணப் பேச்சே கெடையாது. ஒருநாள் உனக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். மொதமொதல்ல வாயத் தொறந்து அம்மான்னு கூப்பிட்ட. அக்கா கேட்டிருக்க வேண்டியது. என் காதுல விழுந்துட்டு. அத எப்பிடித் திருப்பிக் குடுக்கதுன்னு எனக்குத் தெரியல."

நாலு பாஷை தெரிந்து என்ன பிரயோஜனம்?

சட்டி அடிப்பிடிக்கிற வாடை வந்தது. அவள் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யம்மா, அடுப்ப அமத்து" என்றேன்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவளுக்கும் கேட்டுவிட்டது. அடுப்பை அணைக்காமல் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.